ஏற்காடு எஸ்டேட்ல கெடச்ச பழைய யூனிக்ஸ் பேக்கப் டேப்: இப்ப இருக்கற லினக்ஸ் மெஷின்ல படிக்க வழி இருக்கா?

செக்ரோல்_ஏற்காடு

வணக்கங்க எல்லாருக்கும். ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு பாக்கறேன். பழைய ஸ்டோர் ரூம ஒழிக்கறப்போ ஒரு டிரங்குப் பெட்டி நெறைய பேக்கப் டேப் கெடச்சுது. பாதி டேப் பெருசு, அடில கனமா அலுமினியத் தகடு வச்சது, மேல டிசி 6150ன்னு அச்சடிச்சிருக்கு. மீதி சின்ன 4 எம்எம் டேட் டேப், 90 மீட்டர்னு போட்டிருக்கு. லேபிள்ல பேனால "எஸ்சிஓ யூனிக்ஸ் ஃபுல்", "செக்ரோல் 91-94 வால்யூம் 1", "வால்யூம் 2", "மழை"ன்னு எழுதி வச்சிருக்காங்க. ஒரே ஒரு டேப்ல மட்டும் "பழைய மெஷின்"னு இருக்கு, வேற வெவரம் ஒண்ணும் இல்ல.

இது எதுக்கு வேணும்னா, எங்ககிட்ட காபி பழம் பறிச்சு ரிட்டயர் ஆன அம்மாங்க சில பேரு எந்த வருசம் வேலைக்கு சேந்தாங்கன்னு காட்ட ஆதாரம் கேட்டு வராங்க, பேப்பர் செக்ரோல் (வேலையாளுங்க வருகை, கூலி பதிவேடு) எல்லாம் கரையான் அரிச்சிருச்சு, அந்த வருசத்துக் கணக்கு இருந்தா இந்த டேப்ல மட்டும் தான் இருக்கணும். மழைக் கணக்கும் வேணும், தினசரி இஞ்ச் சென்ட்ல (ஒரு சென்ட்னா இஞ்சுல நூத்துல ஒண்ணு) எழுதுன ரெஜிஸ்டர் அது.

கீழ டவுன்ல ஒரு கடைல காட்டினேன், இதெல்லாம் படிக்காது தூக்கிப் போடுங்கன்னாங்க. என்கிட்ட இருக்கறது உபுண்டு போட்ட ஒரு டெஸ்க்டாப், டேப் ட்ரைவ் கெடையாது. வழி இருந்தா சொல்லுங்க.

ஐந்துரோடு_சர்வர்

பெருசு கியூஐசி-150 (கால் இஞ்ச் டேப் கார்ட்ரிட்ஜ் வகை), சின்னது டிடிஎஸ்-1 (டேட் டேப்ல மொத தலைமுறை). ரெண்டுக்கும் வேற வேற ட்ரைவ் வேணும். டேட்டா ரெக்கவரி கம்பெனிக்கு அனுப்பிடலாமே, எதுக்கு இவ்ளோ சிரமம்.

பழைய_ஆபரேட்டர் (அஸ்தம்பட்டி)

தம்பி தூக்கிப் போட்றாதீங்க. நான் 80கள்ல இருந்து டேப் ஆபரேட்டரா இருந்தவன், முப்பது வருசம் கழிச்சும் கியூஐசி டேப் படிச்சிருக்கு, படிக்கும். ஆனா அவசரப்பட்டா ஒரே நாள்ல பாழாப் போயிரும், அதனால மொதல்ல இத கொஞ்சம் பொறுமையா படிங்க.

வேற சிஸ்டத்துல எழுதுன டேப்ப படிக்கறதுல ரெண்டு வேலை இருக்கு. டேப்ல இருக்கற பைட்ட அப்படியே டிஸ்க்குக்கு கொண்டு வர்றது ஒண்ணு, அது என்ன ஃபார்மட்டு, எந்த மெஷினுது, எந்த ப்ரோக்ராம் எழுதுச்சுன்னு கண்டுபிடிக்கறது இன்னொண்ணு. ஜனங்க ரெண்டையும் ஒண்ணா செய்யப் போய்த்தான் டேப்ப கெடுக்கறாங்க. டேப்ப போட்டு டார்னு அடிச்சுப் பாப்பாங்க, வரலைன்னா சிபிஐஓ, அதுவும் வரலைன்னா ரெஸ்டோர், எல்லாம் பேக்கப்ப பிரிக்கற யூனிக்ஸ் கமாண்ட், ஒவ்வொரு தடவையும் டேப் முன்னாடி ஓடுது பின்னாடி ஓடுது, மேல இருக்கற காந்தப் பூச்சு, அதாவது ஆக்சைடு, கொஞ்சம் கொஞ்சமா உரிஞ்சு ட்ரைவோட படிக்கற ஹெட்ல ஒட்டுது. பழைய டேப் ஒரே ஒரு தடவை தான் நல்லா ஓடும்னு நெனச்சுக்கிட்டே வேலை செய்யணும். அந்த ஒரு ஓட்டத்துல மொத்த பைட்டையும் ஒண்ணு விடாம இமேஜா, அதாவது அச்சு அசலா ஒரு காப்பி ஃபைலா, எடுத்துரணும். ஃபார்மட் என்னங்கற ஆராய்ச்சிய அந்த இமேஜ் மேல எத்தன வருசம் வேணாலும் உக்காந்து பண்ணலாம், டேப்புக்கு ஒண்ணும் ஆகாது.

ட்ரைவுல போடறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது. டிசி 6150ல ஒரு ஓரத்துல அம்புக்குறி போட்ட சின்ன பிளாஸ்டிக் சக்கரம் இருக்கும், காசு வச்சுத் திருப்பி "சேஃப்"ன்னு எழுதின பக்கம் வச்சிருங்க, அதுக்கப்பறம் எந்த ட்ரைவும் எழுத முடியாது. டேட் டேப்ல பின்பக்கம் சின்ன ஸ்லைடர், ஓட்டை தெரியற மாதிரி தொறந்து வச்சா எழுதாது. இது செய்யாம எந்த டேப்பையும் எந்த மெஷின்லயும் போடாதீங்க.

அடுத்தது, மூடிய லேசா தொறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. ஏற்காட்டு ஈரத்துல பூஞ்சை கண்டிப்பா வரும். டேப் விளிம்புல வெள்ளையா பொடி மாதிரி இருந்தா அத தனியா வச்சிருங்க, அந்த ஒண்ண ட்ரைவுல போட்டா ஹெட் அழுக்காகி அடுத்து போடற நல்ல டேப்பும் கெட்டுப் போகும்.

கியூஐசிக்கு இன்னொரு ஆபத்து, உள்ள ஒரு மெல்லிசு பெல்ட்டு இருக்கும், ரெண்டு ரீலையும் சுத்த வைக்கறது அது தான். வருசமானா அது இறுகி டேப் மேலயே ஒட்டிக்கும், இழுத்தா பெல்ட்டோட சேத்து ஆக்சைடும் வந்துரும், அந்த எடத்துல இருந்த டேட்டா அதோட போச்சு. பெல்ட்டு அறுந்து போச்சுன்னா வேற கார்ட்ரிட்ஜ்ல இருந்து எடுத்து மாத்திக்கலாம். பழைய மேனுவல்ல மொதல்ல ரீடென்ஷன் பண்ணுன்னு எழுதியிருப்பான், டேப்ப ஒரு முனைல இருந்து மறு முனைக்கு வேகமா ஓட்டறது அது. புது டேப்புக்கு அது சரி, முப்பது வருச டேப்புக்கு பெல்ட்டப் பாக்காம அத செய்யவே கூடாது.

செக்ரோல்_ஏற்காடு

ஐயா ரொம்ப நன்றி. எல்லாத்தையும் சேஃப் பக்கம் திருப்பி வச்சுட்டேன். "மழை"ன்னு எழுதின டேட் டேப்ல மட்டும் விளிம்புல வெள்ளை தெரியுது, அத தனி கவர்ல போட்டுட்டேன். பெரிய டேப் ஒண்ணுல பெல்ட்டு தொளதொளன்னு இருக்கு.

குகை_ரிப்பேர்

ஹார்டுவேர் பத்தி நான் சொல்றேங்க. கியூஐசி-150க்கு ஆர்க்கைவ் வைப்பர் 2150 ஸ்கஸி (கம்ப்யூட்டரோட இணைக்கற ஒரு பழைய முறை) ட்ரைவ் கெடச்சா நல்லது, இல்லன்னா டான்ட்பெர்க் எஸ்எல்ஆர்5, அது 4 ஜிபி ட்ரைவ் ஆனா பழைய 150 டேப்பயும் படிக்கும். உங்க எஸ்டேட்ல அந்தக் காலத்துல ஸ்கஸி இருந்திருக்காது, கியூஐசி-02ன்னு தனி கார்டு போட்டிருப்பாங்க, பரவால்ல, கேபிள் வேறயே தவிர டேப்ல எழுதற முறை ஒண்ணு தான்.

செகண்ட்ஹேண்ட் ட்ரைவ் வாங்கினா ஒடனே டேப்ப போடாதீங்க!! உள்ள டேப்ப உருட்டற ரப்பர் ரோலர விரலால தொட்டுப் பாருங்க. பழைய ட்ரைவ்ல பாதிக்கு மேல அந்த ரப்பர் உருகி தார் மாதிரி ஆயிருக்கும், டேப் உள்ள போனா பூசி விட்டுரும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போட்டு மொத்தமா வழிச்சு எடுத்துட்டு அதே குறுக்களவுக்கு சிலிக்கான் டியூப் வெட்டி மாட்டணும், அளவு மாறினா வேகம் மாறும், படிக்காது.

அப்பறம் இந்த டேப்போட முனை ரீல்ல ஒட்டி இருக்காது, சும்மா சுத்தி தான் இருக்கும். டேப் முடியப் போகுதுன்னு ட்ரைவ் எப்படி கண்டுபிடிக்குதுன்னா டேப்ல சின்னச் சின்ன ஓட்டை போட்டிருக்கான், கார்ட்ரிட்ஜுக்குள்ள சாய்வா ஒரு குட்டி கண்ணாடி இருக்கு, ஒளி அந்த கண்ணாடில பட்டுத் திரும்பி ஓட்டை வழியா சென்சாருக்குப் போகும். கண்ணாடில தூசு இருந்தா ஓட்டை வந்தது ட்ரைவுக்குத் தெரியாது, மோட்டார் நிக்காம ஓடி டேப் ரீல விட்டே கழண்டு வந்துரும். அதனால அந்த கண்ணாடியையும் ட்ரைவ் பக்கம் சென்சாரையும் பட்ஸ் வச்சு தொடைச்சுட்டு தான் ஆரம்பிக்கணும். இத நெறைய பேரு விட்டுர்றாங்க.

கம்ப்யூட்டருக்கு பிசிஐ ஸ்லாட் இருக்கற பழைய போர்டு ஒண்ணு, அடாப்டெக் 2940 கார்டு, 50 பின் கேபிள், கேபிள் முனைல மாட்டற டெர்மினேட்டர். டெர்மினேட்டர் இல்லாம ஓட்டினா ட்ரைவ் தெரியும் ஆனா நடு நடுவுல எர்ரர் அடிக்கும், டேப் மேல சந்தேகப்பட்டுட்டு உக்காந்திருப்பீங்க. யுஎஸ்பி டு ஸ்கஸி கன்வெர்ட்டர் டேப்புக்கு நம்பாதீங்க.

டேட்டுக்கு டிடிஎஸ்-2 இல்ல டிடிஎஸ்-3 ட்ரைவ் எதுனாலும் ஓகே, ரெண்டுமே டிடிஎஸ்-1 டேப்ப படிக்கும். டேட் 72 வாங்காதீங்க, அது டிடிஎஸ்-3, 4க்குத் தான் பின்னாடி போகும்.

ஐந்துரோடு_சர்வர்

இமேஜ் எடுக்கறது சுலபம் தான். ஹார்டு டிஸ்க் கெட்டுப் போனா நாங்க டிடிங்கற, பைட்ட அப்படியே காப்பி எடுக்கற கமாண்ட்ல பிளாக் சைஸ் 64கே குடுத்து கூட நோ எர்ரர், சிங்க் ரெண்டையும் போடுவோம், எர்ரர் வந்தாலும் நிக்காம ஓடும். அதையே இதுக்கும் போடுங்க.

பழைய_ஆபரேட்டர் (அஸ்தம்பட்டி)

வேண்டாம் வேண்டாம். சர்வர் தம்பி, டிஸ்க்குக்கு நீங்க சொன்னது சரி, டேப்புக்கு அது விஷம். ஏன்னு சொல்லிட்றேன்.

டிஸ்க்ல எல்லா செக்டாரும் ஒரே அளவு. டேட் மாதிரி டேப்ல அப்படி இல்ல, எழுதற ப்ரோக்ராம் எவ்ளோ பெரிய பிளாக்கா எழுதுச்சோ அதே அளவு தான் திரும்ப வரும். டார் வழக்கமா 10240 பைட்டா எழுதும், சிபிஐஓக்கு பி போட்டா 5120, விஎம்எஸ் பேக்கப் 8192, ஐபிஎம் லேபிள் வெறும் 80 பைட்டு. இப்ப நீங்க 64கே கேட்டு சிங்க்கும் போட்டா, 10240 பைட்டு பிளாக் வந்தவுடனே டிடி என்ன பண்ணும்? மீதி 55296 பைட்டுக்கு பூஜ்யத்த ரொப்பி 64கே ஆக்கி எழுதும். ஒவ்வொரு பிளாக்குக்கும் இப்படியே. இமேஜ் முழுக்க வெட்டி வெட்டி நடுவுல சுழியம் சொருகினதா ஆயிரும், அப்பறம் டாரும் சிபிஐஓவும் திணறும். சிங்க் இல்லாம, அளவு மட்டும் பெருசா குடுத்தா போதும், டேப் ஒரு தடவைக்கு ஒரு பிளாக் தான் தரும், வந்தது வந்தபடி எழுதிக்கும்.

பெருசா ஏன் குடுக்கணும்னா, நீங்க கேக்கற அளவு டேப்ல இருக்கற பிளாக்க விட சின்னதா இருந்தா லினக்ஸ் படிக்காது, மெமரி பத்தலைங்கற மாதிரி ஒரு எர்ரர் குடுக்கும். ரேம் தான் பத்தலைன்னு நெனச்சு ரேம் வாங்கிப் போட்ட ஆளே உண்டு. பிளாக் பெருசு, நீங்க கேட்ட பை சின்னது, அவ்ளோ தான் அந்த எர்ரர்.

செக்ரோல் தம்பிக்கு செய்முறை. டேப் ட்ரைவ இயக்கற எம்டி-எஸ்டி பேக்கேஜ் போட்டுக்குங்க. டிவைஸ் பேர் எஸ்டி0ன்னு ஒண்ணு, என்எஸ்டி0ன்னு ஒண்ணு இருக்கும், எப்பவும் என் போட்டது தான் வேணும், மத்தது ஒவ்வொரு கமாண்டுக்கு அப்பறமும் டேப்ப மொதலுக்கே ரீவைண்ட் பண்ணிரும். எம்டி ஸ்டேட்டஸ் போட்டா டென்சிட்டி கோடு காட்டும், கியூஐசி-150ன்னா ஹெக்ஸ்ல (பதினாறடிமான எண்) 10, டிடிஎஸ்-1ன்னா 13, அது சரியா வருதான்னு பாருங்க. கியூஐசி-150ல பிளாக் எப்பவும் 512 தான், செட்பிளாக் 512 குடுங்க. டேட்டுக்கு செட்பிளாக் 0, அதாவது அளவு மாறலாம்னு அர்த்தம்.

அப்பறம் டிடி ஒரு தடவை ஓட்டினா ஒரு ஃபைல் மார்க் (ஒரு ஃபைல் முடிஞ்சதுன்னு டேப்ல இருக்கற குறி) வரைக்கும் படிச்சு நிக்கும். அத ஃபைல் 00ன்னு வைங்க. திரும்ப ஓட்டுங்க, ஃபைல் 01. இப்படியே போய் தொடர்ந்து ரெண்டு தடவை ஒண்ணுமே வராம பூஜ்யம் ரெக்கார்டுன்னு சொல்லுச்சுன்னா டேப் முடிஞ்சுது. ஒரு ஃபைல் வந்தவுடனே முடிஞ்சுதுன்னு டேப்ப கழட்டிராதீங்க, ராத்திரி பேக்கப்ப ஒண்ணு பின்னாடி ஒண்ணா அதே டேப்ல எழுதற பழக்கம் அப்ப எல்லா ஆபீஸ்லயும் உண்டு.

ரெக்கவரி கம்பெனிக்கு அனுப்பறதுலயும் தப்பில்ல. ஆனா அனுப்பினா ஃபைல் மட்டும் வாங்காதீங்க, ஃபைல் மார்க் வாரியா ரா இமேஜும் வேணும்னு எழுதி வாங்கிக்குங்க.

ஆத்தூர்_சேகோ

நடுவுல வரேன் மன்னிக்கணும். எங்க சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரில விண்டோஸ் என்டி சர்வர் இருந்துச்சு, அதுல எடுத்த டிடிஎஸ்-2 டேப் இருக்கு. இப்ப விண்டோஸ்ல டேப் போட்டா ஒண்ணுமே தெரியல. இதுவும் லினக்ஸ்ல தான் பாக்கணுமா?

பழைய_ஆபரேட்டர் (அஸ்தம்பட்டி)

ஆமாங்க. பழைய விண்டோஸ்ல இருந்த பேக்கப் ப்ரோக்ராம் என்டிபேக்கப் போன பின்னாடி வந்த விண்டோஸ் சர்வர் பேக்கப் டேப்ப தொடவே தொடாது, 2008ல இருந்தே அப்படித்தான். மேல சொன்ன மாதிரி இமேஜ் எடுங்க. மொத நாலு பைட்டு "டேப்"ன்னு ஆங்கில பெரிய எழுத்துல இருந்தா அது மைக்ரோசாஃப்ட் டேப் ஃபார்மட், எம்டிஎஃப்னு சொல்லுவாங்க. அத டாரா மாத்த எம்டிஎஃப்டார்னு சின்ன ப்ரோக்ராம் இருக்கு. விண்டோஸ் மெஷின்ல டேப்ப போட்டு "இனிஷியலைஸ் பண்ணவா"ன்னு கேட்டா மட்டும் ஓகே குடுத்துராதீங்க.

ஆத்தூர்_சேகோ

கெடச்சுதுங்க, நாலு எழுத்தும் இருக்கு. நன்றிங்க ஐயா.

செக்ரோல்_ஏற்காடு

ட்ரைவ் வந்துருச்சு. குகை அண்ணன் சொன்னபடியே ரோலர் உருகித்தான் இருந்துச்சு, அவரே மாத்திக் குடுத்தாரு. பெல்ட்டு தொளதொளன்னு இருந்த டேப்ப இன்னும் தொடல. மலை மேல இருந்து டேப்ப கொண்டு வந்து ரூம் சூட்டுக்குப் பழகட்டும்னு ஒரு நாள் முழுக்க ரூம்லயே வச்சிருந்து அப்பறம் தான் போட்டேன்.

"செக்ரோல் வால்யூம் 1" சுத்தமா ஓடிருச்சு, எர்ரர் ஒண்ணும் இல்ல!! ஹெக்ஸ் டம்ப்ல மொத ஆறு எழுத்து 070707. "பழைய மெஷின்" டேப்பும் ஓடுச்சு ஆனா அதுல மொத ரெண்டு பைட்டு 71 சி7. ஃபைல் பேரு எல்லாம் ஏதோ கலைஞ்ச மாதிரி இருக்கு, ஒரு எடத்துல 9188ன்னு வருது, அது என்ன வருசம்னே புரியல.

பழைய_ஆபரேட்டர் (அஸ்தம்பட்டி)

ரொம்ப சந்தோசம் தம்பி!

070707ன்னு எழுத்தாவே இருந்தா அது சிபிஐஓ, சி ஆப்ஷன் போட்டு எடுத்தது. புண்ணியவான், யாரு எடுத்தாரோ. ஹெட்டர் எல்லாம் எழுத்தா இருக்கறதால எந்த மெஷின்லயும் வரும். பிரிக்கறப்போ ஒண்ணு கவனிங்க, அந்தக் காலத்துல ஃபுல் பேக்கப் எடுத்தவங்க ஃபைல் பாதைய ரூட்ல இருந்தே, ஸ்லாஷ்ல ஆரம்பிச்சு எழுதியிருப்பாங்க. நீங்க ரூட் யூசரா இருந்து அப்படியே பிரிச்சா உங்க உபுண்டுவோட பாஸ்வேர்டு ஃபைல் மேலயே 1991 பாஸ்வேர்டு ஃபைல் போய் உக்காந்துரும். ஆப்சல்யூட் ஃபைல்நேம் வேண்டாம்னு ஆப்ஷன் இருக்கு, அத போட்டு, சாதா யூசரா, காலி டைரக்டரில பிரிங்க. பேருக்குப் பின்னாடி பெரிய இசட் இருந்தா கம்ப்ரெஸ் பண்ணது, ஜிசிப் அத விரிச்சுக் குடுத்துரும்.

இப்ப "பழைய மெஷின்". இதுவும் சிபிஐஓ தான், ஆனா பைனரி ஹெட்டர். எட்டடிமானத்துல 070707ங்கறத ரெண்டு பைட்டா எழுதினா இன்டெல் மெஷின் சி7 71ன்னு எழுதும், மோட்டரோலா 68000 மாதிரி பெரிய மதிப்புள்ள பைட்ட முன்னாடி எழுதற மெஷின் 71 சி7ன்னு எழுதும். உங்க எஸ்டேட்ல எஸ்சிஓ (இன்டெல் மெஷின்ல ஓடற யூனிக்ஸ்) வர்றதுக்கு முன்னாடி மோட்டரோலா பாக்ஸ் இருந்திருக்கலாம், 80கள் கடைசில அந்த மாதிரி யூனிக்ஸ் மெஷின் நம்மூர்ல நெறைய ஓடுச்சு. ஆனா இங்க தான் நிதானிக்கணும். 71 சி7 வர்றதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். மோட்டரோலா மெஷின்ல எழுதினதா இருந்தா ஹெட்டர்ல இருக்கற நம்பர் மட்டும் தான் திரும்பி இருக்கும், ஃபைல் பேரு நேரா படிக்க வரும். ஃபைல் பேரும் கலைஞ்சிருந்தா டேப் மொத்தமும் ரெண்டு ரெண்டு பைட்டா இடம் மாறி எழுதியிருக்குன்னு அர்த்தம், சில கன்ட்ரோலர் அப்படி எழுதும். உங்களுக்கு 9188ன்னு வருதுல்ல, ரெண்டு ரெண்டா இடம் மாத்திப் பாருங்க, 1988!

அதனால டிடில ஸ்வாப்னு ஒரு கன்வெர்ஷன் இருக்கு, அத இமேஜ் மேல ஓட்டி புதுசா ஒரு ஃபைல் எடுங்க, பழைய இமேஜ் அப்படியே இருக்கட்டும். மாத்தினப்பறம் மொத ரெண்டு பைட்டு சி7 71ன்னு வந்துரும், அப்ப அது இன்டெல் மெஷின்ல எழுதினது தான், மோட்டரோலா இல்ல.

ஐந்துரோடு_சர்வர்

இத இன்னிக்கித் தான் கேள்விப்படறேன் ஐயா. ஹெட்டர் மட்டும் திரும்பினதா மொத்தமும் திரும்பினதான்னு பேர வச்சு பிரிக்கறது நல்ல ஐடியா. சிபிஐஓக்கே ஸ்வாப் ஆப்ஷன் இருக்குமே, அது போதாதா?

பழைய_ஆபரேட்டர் (அஸ்தம்பட்டி)

அது பிரிக்கறப்போ ஃபைலுக்குள்ள இருக்கறத மாத்தும், ஹெட்டர் மொதல்ல புரிஞ்சா தானே அது வரைக்கும் போகும். மொத்த இமேஜயும் மாத்தறது சுத்தமான வேலை.

சங்ககிரி_மில்

எங்க ஸ்பின்னிங் மில்லுல ஐபிஎம் ஏஎஸ்/400 மெஷின் இருந்துச்சு, அதே மாதிரி கார்ட்ரிட்ஜ் தான். இமேஜ் எடுத்தா எல்லாம் குப்பையா தெரியுது. டிடில ஆஸ்கின்னு கன்வெர்ஷன் போட்டேன், பேரு வருது, ரூவா கணக்கு மட்டும் கன்னாபின்னான்னு இருக்கு.

சூரமங்கலம்_அக்கா

இதுக்கு நான் சொல்றேன், கோபோல் மொழில ப்ரோக்ராம் எழுதின ஆளுங்க நாங்க.

இந்த மாதிரி ஐபிஎம் மெஷின் எல்லாம் எப்சிடிக்னு தனி எழுத்துக் குறியீட்டுல எழுதும். நம்ம மெஷின்ல 1ங்கற எழுத்து ஹெக்ஸ் 31, அதுல எஃப்1. அதனால 1993ன்னா எஃப்1 எஃப்9 எஃப்9 எஃப்3ன்னு இருக்கும். பேரு, ஊரு எல்லாத்துக்கும் கன்வெர்ஷன் சரி. ஆனா ரூவா கணக்க பேக்டு டெசிமல்ல வச்சிருப்பாங்க, ஒரு பைட்டுக்கு ரெண்டு இலக்கம், கடைசி பாதில சின்னம். 12345 ரூவான்னா 12 34 5எஃப். எஃப்போ சியோ வந்தா ப்ளஸ், டி வந்தா மைனஸ். இது எழுத்தே கெடையாது, இத எழுத்துன்னு நெனச்சு மாத்தினா நம்பர் போச்சு. அதனால மொத்த ரெக்கார்டையும் மாத்தாதீங்க, எந்த எடத்துல பேரு எந்த எடத்துல தொகைன்னு ரெக்கார்டு லேஅவுட் வேணும், பழைய ப்ரோக்ராம் பிரிண்ட்அவுட் ஃபைல்ல தேடிப் பாருங்க, அதுல இருக்கும்.

ஆனா சேவ்லிப் கமாண்ட்ல எடுத்த டேப்பா இருந்தா இந்த வேலையே ஆகாது, அது ஐபிஎம்மோட சொந்த ஃபார்மட், ஐபிஎம் ஐ மெஷின்ல ரெஸ்டோர் பண்ணித் தான் எடுக்கணும். டேட்டா ஃபைல் புது மெஷின்லயும் ரெஸ்டோர் ஆகும், தெரிஞ்ச மில்லுல அந்த மெஷின் ஓடுதான்னு விசாரிங்க.

செக்ரோல் தம்பி, உங்க ஃபைல்ல டிபிஎஃப்னு முடியற டேட்டாபேஸ் ஃபைல் இருக்கா?

செக்ரோல்_ஏற்காடு

இருக்குங்க அக்கா! ஃபாக்ஸ்பேஸ் போல. செக்ரோல், மழை ரெண்டும் டிபிஎஃப். மழை டேப் பூஞ்சை பிடிச்சிருந்தாலும் ஃபுல் பேக்கப்லயே மழை ஃபைல் வந்துருச்சு, 1992 அக்டோபர்ல ஒரு நாள் 3 இஞ்ச் 42 சென்ட்டுன்னு இருக்கு, பாத்தவுடனே கண்ணு கலங்கிருச்சு.

செக்ரோல்ல வேலையாளு பேரு மட்டும் எல்லாம் கட்டம் கட்டமா வருது. எண்ணிக்கையும் ஒத்து வரல, ஹெட்டர்ல இருக்கற ரெக்கார்டு எண்ணிக்கைய விட லிப்ரேஆபீஸ்ல தொறந்தா கொறச்சலா இருக்கு.

சூரமங்கலம்_அக்கா

ரெண்டுக்கும் பதில் இருக்கு.

டிபிஎஃப்ல ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் மொத பைட்டு ஒரு அடையாளம். வெறும் இடம் இருந்தா உயிரோட இருக்கற ரெக்கார்டு, நட்சத்திரக் குறி இருந்தா டெலிட் பண்ணது. ஃபாக்ஸ்பேஸ்ல பேக்குன்னு கமாண்ட் குடுக்கற வரைக்கும் டெலிட் ஆனதும் ஃபைல்ல அப்படியே கெடக்கும். உங்களுக்கு அது ரொம்ப முக்கியம், ஏன்னா வேலைய விட்டு நின்னவங்கள டெலிட் பண்ணியிருப்பாங்க, இப்ப வந்து கேக்கற அம்மாங்க பேரு அதுலயும் இருக்கலாம். சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் போட்டு நட்சத்திரம் போட்டதையும் சேத்து எடுங்க, எது டெலிட் ஆனதுன்னு தனி காலம் வைங்க. அழிச்ச ரெக்கார்டுன்னு மறைச்சு ஆதாரமா குடுக்கக் கூடாது, பாக்கறவங்களுக்குத் தெரியணும்.

கட்டம் கட்டமா வர்றது தமிழ்ப் பேரா இருக்கும். அப்ப யூனிகோடு கெடையாது, சி-டாக் ஜிஸ்ட் கார்டு இல்ல ஜிஸ்ட் டெர்மினல் வச்சு இஸ்கிங்கற இந்திய மொழிக் குறியீட்டுல தமிழ் அடிப்பாங்க, 1991ல இந்தியத் தரமா வந்துச்சு. பைட்டு எல்லாம் ஹெக்ஸ் ஏ1க்கு மேல இருக்கான்னு பாருங்க, பி3 அடிக்கடி வந்தா அது க. இஸ்கில நல்லது என்னன்னா எழுத்து உச்சரிக்கற வரிசைலயே இருக்கும், கொ-ன்னா மொதல்ல க அப்பறம் தான் ஒ குறி. பின்னாடி வந்த ஃபான்ட் என்கோடிங்ல எல்லாம் கொம்ப முன்னாடி தூக்கி வச்சு, க, கால்னு பிரிச்சு வச்சிருப்பான், அத மாத்தறது தலவேதனை. இஸ்கிய யூனிகோடுக்கு மாத்த ஒரு டேபிள் போதும், என்கிட்ட இருக்கு, தனிச்செய்தில அனுப்பறேன். பத்து பேரு ஹெக்ஸ் மட்டும் எனக்கு அனுப்புங்க, முழு ஃபைல் வேண்டாம், அதுல ஜனங்க கூலிக் கணக்கு இருக்கு, எங்கயும் பொதுவுல போட்றாதீங்க.

குகை_ரிப்பேர்

தம்பி அந்த தொளதொள பெல்ட்டு டேப் எது?

செக்ரோல்_ஏற்காடு

அது தான்ணா "வால்யூம் 2". அக்கா அனுப்பின டேபிள் போட்டதும் பேரு எல்லாம் தமிழ்ல வந்துருச்சு, பாப்பாத்தி, வெள்ளையம்மா, சின்னப்பொண்ணுன்னு வரிசையா. ஆனா 1993 ஆகஸ்ட்டோட நிக்குது, சிபிஐஓ ஃபைல் நடுவுலயே முடிஞ்சுதுன்னு சொல்லுது. மீதி வால்யூம் 2ல தான் இருக்கணும். குகை அண்ணன்கிட்ட குடுத்து பெல்ட்டு மாத்தி இன்னிக்கி ஓட்டினோம், கடைசிப் பக்கத்துல மட்டும் கொஞ்சம் பிளாக் எர்ரர், மத்தது வந்துருச்சு. ஆனா இந்த இமேஜ்ல 070707 மொதல்ல இல்லவே இல்ல, வெறும் டேட்டா தான் இருக்கு. சிபிஐஓ இது ஆர்க்கைவே இல்லங்குது.

பழைய_ஆபரேட்டர் (அஸ்தம்பட்டி)

அது அப்படித்தான் தம்பி இருக்கும், பயப்படாதீங்க. அந்தக் கால சிபிஐஓ மொத டேப் தீந்ததும் அடுத்த டேப் போடுன்னு கேட்டுட்டு விட்ட எடத்துல இருந்து, ஒரு ஃபைலோட நடுவுலயே தொடர்ந்து எழுதும், ரெண்டாவது டேப்புக்குன்னு தனி ஹெட்டர் போடாது. வால்யூம் 1 இமேஜ் முடிவுல வால்யூம் 2 இமேஜ அப்படியே ஒட்டி ஒரே ஃபைலாக்கிட்டு சிபிஐஓ குடுங்க. ஒட்டின எடத்துல இருக்கற ரெக்கார்டு மட்டும் முன்னும் பின்னும் சரியா தொடருதான்னு கண்ணால பாருங்க, டேப் முடியற எடத்துல கடைசி பிளாக் ரெண்டு தடவை வந்திருக்கலாம், அப்படி இருந்தா ஒண்ண எடுத்துட்டு ஒட்டணும். 512 பைட்டோட மடங்கா தான் வரும், டிபிஎஃப் ரெக்கார்டு நீளம் தெரிஞ்சதால கணக்குப் போட்டுப் பாத்துரலாம்.

எர்ரர் வந்த கடைசிப் பக்கத்துக்கு ஹெட்ட தொடைச்சுட்டு அந்த எடத்த மட்டும் இன்னொரு தடவை ஓட்டிப் பாக்கலாம், அதுக்கு முன்னாடி இப்ப எடுத்த இமேஜ வேற டிஸ்க்ல காப்பி போட்டு வச்சிருங்க.

செக்ரோல்_ஏற்காடு

ஒட்டியாச்சுங்க ஐயா. கடைசி பிளாக் ரெண்டு தடவை தான் இருந்துச்சு, ஒண்ண எடுத்துட்டேன். 1994 மார்ச் வரைக்கும் செக்ரோல் வந்துருச்சு. வெள்ளையம்மா பேரு நட்சத்திரம் போட்ட ரெக்கார்டுல இருக்கு, சேந்த தேதியோட. நாளைக்கு அவங்க ஆபீஸ் வராங்க, பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். பூஞ்சை டேப் ஒண்ணு தான் பாக்கி, அத எப்படி சுத்தம் பண்றதுன்னு கேக்கணும்.

பழைய_ஆபரேட்டர் (அஸ்தம்பட்டி)

அத இங்க எழுதிப் புரிய வைக்க முடியாது தம்பி, மூடிய கழட்டி கைல வச்சுத் தான் காட்டணும். கவரோட எடுத்துட்டு ஞாயித்துக்கிழமை அஸ்தம்பட்டி வாங்க, வர்றப்போ காருக்குள்ள வெயில் படற எடத்துல வைக்காதீங்க. குகை தம்பியும் ஒரு டிடிஎஸ் ட்ரைவ் கொண்டு வந்தா நல்லது, கெட்டாலும் பரவால்லன்னு இருக்கற ட்ரைவா பாத்து.